இராணுவத்துக்குள் களையெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் சிலர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி, பிறகு நான். முப்பது வருடம் வரலாறும் அரசறிவியலும் படிப்பித்தவன் என்பதால் கேள்விகள் என் பக்கம்தான் திரும்பும். 2025 ஒக்டோபரில் சீனா ஒரே நாளில் ஒன்பது படைத் தளபதிகளைக் கட்சியை விட்டு நீக்கிய கிழமையில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரே கேள்விக்கு மூன்று கிழமை பதில் சொன்ன அலுப்பில் இதை எழுதி வைக்கிறேன்.

தளபதியை மாற்றுவதெல்லாம் களையெடுப்பா, சேர்?

இல்லை. எல்லா அரசும் தளபதிகளை மாற்றும். படைக்கு வாங்கிய எரிபொருளில் களவெடுத்தவரை விசாரித்து உள்ளே போடுவதும் களையெடுப்பல்ல. ஒருவர் செய்ததற்காக அல்லாமல், நாளைக்குச் செய்யக்கூடும் என்ற ஐயத்துக்காகவோ, அவர் இன்னாருடைய ஆள் என்பதற்காகவோ அகற்றினால் அதுதான் களையெடுப்பு.

சொல்லையே கொஞ்சம் பாருங்கள். வேந்தன் கொடியவரை ஒறுப்பதைப் பயிருக்குக் களை பிடுங்குவதோடு ஒப்பிடுவது எங்கள் பழைய வழக்கு. ஆனால் களை என்று ஒரு செடிச் சாதி கிடையாது. விதைத்தவனுக்கு வேண்டாதது எதுவோ அது களை. ஆகவே இது ஆட்சியாளரின் வாயிலிருந்து வந்த சொல். பிடுங்கப்பட்டவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.

தண்டனை எது, களையெடுப்பு எது என்று பிரித்தறிய நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ஒன்றுதான்: திகதியைப் பாருங்கள். குற்றம் எப்போது, சட்டம் எப்போது, கைது எப்போது, தீர்ப்பு எப்போது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

தன்னைக் காக்கிற படையையே ஒருவர் ஏன் வெட்டவேண்டும்?

காவலுக்கு நிற்பவனிடம் துவக்கு இருப்பதுதான் காரணம். வாக்கெடுப்பில் வந்தவருக்கு வெளியே போகவும் ஒரு வாசல் உண்டு. தோற்றால் வீட்டுக்குப் போகலாம், ஐந்து வருடத்தில் திரும்பியும் வரலாம். அந்த வாசலை அடைத்துவிட்டு உள்ளே இருப்பவருக்கு, தன்னை வெளியேற்றக்கூடியவர் யார் என்பதே இரவு பகலாக யோசனை. ஊர்வலம் போகிறவர்களைப் படையால் அடக்கலாம். படையை எதனால் அடக்குவது?

பலமான இராணுவம் எல்லைக்கு நல்லது, நாற்காலிக்கு ஆபத்து. நோஞ்சான் இராணுவம் நாற்காலிக்கு நல்லது, எல்லைக்கு ஆபத்து. எதிரி எப்போதாவது வருவான், ஜெனரலோ அதே நகரத்தில்தான் தினமும் தூங்கி எழும்புகிறார் என்று கணக்குப் போட்டு இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் பலர். போரில் வென்ற தளபதி என்றால் பயம் இரட்டிப்பு, ஏனென்றால் சனங்களுக்கு அவருடைய முகம் தெரியும்.

எல்லோரும் 1937 என்கிறார்களே, அப்படி என்ன நடந்தது?

சோவியத் செம்படையில் அப்போது மார்ஷல் பட்டம் பெற்றவர்கள் ஐந்து பேர். அவர்களில் மிகாயில் துகாசெவ்ஸ்கி மூளைக்காரர். தாங்கிகளும் விமானங்களும் சேர்ந்து எதிரியின் உட்புறம்வரை பாய்ந்து அடிக்கும் போர்முறையை 1930களிலேயே வகுத்தவர்களில் முக்கியமானவர். 1937 மே மாதம் அவரைப் பிரதிப் பாதுகாப்பு மக்கள் ஆணையாளர் (பிரதி அமைச்சர் மாதிரி) பதவியிலிருந்து இறக்கி வொல்கா மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். மே 22 கைது. ஜூன் 11 விசாரணை, பூட்டிய அறைக்குள் ஒரே நாள், எட்டுப் பேருக்கும் சேர்த்து. அன்றிரவே எட்டுப் பேரும் சுடப்பட்டார்கள். கைதிலிருந்து சாவுவரை மூன்று கிழமை. எங்கள் ஊரில் ஒரு காணி வழக்குக்கு முதல் தவணை போடவும் அது காணாது.

குற்றச்சாட்டு, ஜேர்மனிக்கு உளவு பார்த்தார்கள் என்பது. ஆதாரம், அவர்களே கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள். துகாசெவ்ஸ்கியின் வாக்குமூலத் தாள்களைப் பிற்காலத்தில் பரிசோதித்தபோது அவற்றில் மண்ணிறப் புள்ளிகள் இருந்தன. இரத்தம்.

நீதிபதி ஆசனத்தில் இருந்த கதை அதைவிட மோசம். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுடைய சக தளபதிகள் எட்டுப் பேரைத்தான் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்திருந்தார்கள். 1938 முடிவதற்குள் அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் சுடப்பட்டோ சிறையில் கிடந்தோ செத்துப்போனார்கள். மார்ஷல் பிளூஹர் அதில் ஒருவர். ஐந்து மார்ஷல்களில் பிளூஹரும் துகாசெவ்ஸ்கியும் யெகோரவும் போக மிஞ்சியவர்கள் வொரொஷிலோவும் புதியோன்னியும், இருவரும் உள்நாட்டுப் போர்க்காலம் தொட்டு ஸ்டாலினோடு நின்ற பழைய குதிரைப்படைக் கூட்டாளிகள். இந்த வேட்டையை நடத்திய இரகசியப் பொலிஸ் தலைவர் யெசோவையும் 1940 பெப்ரவரியில் சுட்டார்கள்.

அப்படியானால் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் எல்லோரும் கொல்லப்பட்டார்களா?

இல்லை. இணையத்தில் பலர் பிழையாக எழுதுவது இதைத்தான். 1937, 1938 ஆகிய இரண்டு வருடங்களில் ஏறத்தாழ 35,000 அதிகாரிகள் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கம் வேறு, கைது வேறு, கொலை வேறு. நீக்கப்பட்டவர்களில் மூன்றிலொரு பங்கு அளவானோர் 1940க்குள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். ஆனால் மேலே போகப் போக வெட்டு ஆழம். படைப்பிரிவுத் தளபதிகள், இராணுவ மாவட்டத் தளபதிகள் என்ற மட்டத்தில் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணவேண்டியிருந்தது.

கையில் தாங்கியும் துவக்கும் வைத்திருந்தவர்கள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கேட்டது.

முதலாவது, அவர்களைப் படையோடு இருக்கும்போது யாரும் பிடிக்கவில்லை. முதலில் இடமாற்றம். புதிய இடத்தில் அவரை நம்பும் சிப்பாய் ஒருவனும் இல்லை. கியெவ் தளபதியாக இருந்த யாக்கிருக்கு மொஸ்கோவில் கூட்டம் என்று அழைப்புப் போனது. ரயிலில் புறப்பட்டவர் ரயிலிலேயே கைதானார். ஒரு பெரிய படை மாவட்டத்தின் தலைவர், இரவு ரயில் பெட்டியில், சாரத்தோடு இருக்கிற ஒரு தனி மனிதர்தானே. (சாரம் என்பது என் கற்பனை. எங்கள் ஆட்களுக்குப் படம் பிடிக்கட்டும் என்று சொன்னேன்.)

இரண்டாவது, பக்கத்து மேசைக்காரரிடம் வாய் திறக்கமுடியாது. அவர் உங்களைக் காட்டிக்கொடுக்காவிட்டால், காட்டிக்கொடுக்காத குற்றத்துக்கு அவருக்கும் சிறை. மூன்றாவது, பிழை நடந்திருக்கிறது, மேலே உள்ளவருக்குத் தெரிந்தால் திருத்திவிடுவார் என்று பலர் கடைசிவரை நம்பினார்கள். நான்காவது, குடும்பம். துகாசெவ்ஸ்கியின் மனைவியும் சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். சிறுமியாக இருந்த மகள் அரச அநாதை இல்லத்துக்குப் போனாள்.

1941 இல் ஜேர்மனியர் மொஸ்கோ வாசல்வரை வந்ததற்கு இதுதானே காரணம்?

ஒரு காரணம். முழுக்க அதுதான் என்று எழுதினால் நான் புள்ளி குறைப்பேன். 1937 இல் பதினைந்து இலட்சம் அளவில் இருந்த செம்படை, 1941 இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சமாக வீங்கியிருந்தது. களையெடுப்பே நடக்காவிட்டாலும் அவ்வளவு பேருக்குப் பழக்கப்பட்ட அதிகாரிகள் கிடைத்திருக்கமாட்டார்கள். அதே இராணுவம் 1939 ஓகஸ்டில் சுகோவின் தலைமையில் மொங்கோலிய எல்லையில் ஜப்பானியரை முறியடித்தது என்பதையும் மறக்கக்கூடாது. அதே குளிர்காலத்தில் சின்னஞ்சிறு பின்லாந்திடம் மூக்குடைபட்டதையும்தான்.

என்னுடைய எண்ணம், ஆட்களின் இழப்பைவிடப் பெரிய இழப்பு தைரியத்தின் இழப்பு. மேலிடத்தைக் கேட்காமல் ஒரு பாலத்தைத் தகர்க்கவோ ஒரு படையணியைப் பின்வாங்கவோ பயந்த அதிகாரி, கட்டளை வரும்வரை காத்திருப்பான். 1941 ஜூன் 22 விடியற்காலை எல்லையில் குண்டு விழத் தொடங்கியபோதும் அப்படிக் காத்திருந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 22 அன்று, மேற்கு முனைத் தளபதி பவ்லோவைத் தோல்விக்காகச் சுட்டார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

ஹிட்லரும் இப்படிச் செய்தாரா?

1944 ஜூலை 20 இல் தன்னைக் கொல்ல நடந்த குண்டுச் சதிக்குப் பிறகு செய்தார். பீல்ட் மார்ஷல் ரொம்மலுக்கு நஞ்சு கொடுத்துவிட்டு அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் அதற்கு முன் 1938 இல் நடந்ததுதான் படிக்கவேண்டியது. அதில் ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. போரமைச்சர் புளொம்பேர்க் கலியாணம் செய்த பெண்ணின் பழைய பொலிஸ் கோவை திடீரென்று வெளியே வந்தது. தரைப்படைத் தளபதி ஃபிரிச் மீது ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டு. பெப்ரவரி 4 இல் இருவரும் போனார்கள், அவர்களோடு பத்துக்கும் மேற்பட்ட ஜெனரல்கள் ஓய்வுக்கு அனுப்பப்பட்டார்கள், படைகளின் உச்சக் கட்டளை ஹிட்லரின் கைக்கு வந்தது. அடுத்த மாதம் நீதிமன்றம் ஃபிரிச் நிரபராதி என்றது. கோவையில் இருந்த ஆள் ஃபிரிஷ் என்ற பெயருடைய வேறொரு ஓய்வுபெற்ற குதிரைப்படைக் கப்டன். எங்கள் பதிவுக் கந்தோரில் நடக்கிற மாதிரி ஒரு எழுத்துப் பிழை. பதவி திரும்பக் கிடைத்ததா என்றால், இல்லை. நீக்கம் பெப்ரவரி, தீர்ப்பு மார்ச். இடையில் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

சுடாமல் செய்யும் வழிகள் வேறு என்ன?

நிறைய. இப்போது அவைதான் அதிகம்.

படைக்குப் போட்டியாக இன்னொரு படையை வளர்ப்பது ஒன்று. சதாம் ஹுசைனுக்குக் குடியரசுக் காவற்படை, ஈரானுக்குப் புரட்சிக் காவலர்கள். நல்ல ஆயுதமும் நல்ல சம்பளமும் அங்கே போகும், பழைய இராணுவம் எல்லையில் கிடந்து புழுதி தின்னும். தளபதிகளை ஓரிடத்தில் வேர்விடாமல் மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொன்று. மச்சான், மருமகன், ஒரே ஊர்க்காரன் என்று உறவு பார்த்து நியமிப்பது மிகப் பழையது. அது எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பிறகு, ‘உடல்நலக் காரணம்’. மியன்மாரில் பிரதமராகவும் நீண்டகாலம் இராணுவப் புலனாய்வின் தலைவராகவும் இருந்த கின் நியுன்ட் 2004 ஒக்டோபரில் உடல்நலம் கருதி ஓய்வுபெற அனுமதிக்கப்பட்டார் என்று அறிவித்தார்கள். அந்த நோயாளிக்கு அடுத்த வருடம் கிடைத்தது 44 வருடத் தண்டனை. வீட்டுக்காவலில் வைத்து 2012 ஜனவரியில் விட்டார்கள். அவர் கட்டிய புலனாய்வுப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். வடகொரியாவிலும் படைத் தலைமை அதிகாரி ரி யொங்-ஹோ 2012 ஜூலையில் ‘நோய்’ காரணமாகவே எல்லாப் பதவியையும் இழந்தார்.

வடகொரியாவில் கொன்றுவிட்டார்கள் என்று வரும் செய்திகளை நம்பலாமா?

ஆறு மாதம் பொறுங்கள். ரி யொங்-கில் என்ற தலைமை அதிகாரி கொல்லப்பட்டதாக 2016 பெப்ரவரியில் உலகமெல்லாம் செய்தி. மே மாதம் கட்சி மாநாட்டில் ஆள் உயிரோடு, புதிய பதவியோடு. அதற்காக எல்லாம் பொய் என்றில்லை. கிம் ஜொங்-உன்னின் சொந்த மாமா ஜங் சொங்-தேக்கைக் கொன்றதை 2013 டிசம்பரில் அவர்களே அறிவித்தார்கள்.

சீனாவில் ஊழல் என்கிறார்கள். அது உண்மையா, சாட்டா?

இரண்டும் ஒன்றாக இருக்கமுடியும், அதுதான் இதிலுள்ள சூட்சுமம். சீனப் படையில் பதவி உயர்வு காசுக்கு விற்கப்பட்டது உண்மை. மத்திய இராணுவ ஆணைக்குழுவின் துணைத் தலைவராக இருந்த குவோ போசியோங்குக்கு 2016 இல் இலஞ்சத்துக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் எல்லோர் கையும் அழுக்கான இடத்தில், யாருடைய கையை இன்றைக்குப் பார்ப்பது என்று தீர்மானிப்பவரிடமே அதிகாரம் இருக்கிறது. அழுக்கு உண்மை, பொறுக்கியெடுப்பு அரசியல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபு 2023 மார்ச்சில் நியமனம். ஓகஸ்ட் கடைசிக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ஒக்டோபரில் பதவி போனது. 2024 ஜூனில் கட்சியிலிருந்து நீக்கம், அவருக்கு முன்னிருந்த அமைச்சர் வெய் ஃபெங்ஹேயும் அதே நாளில். 2025 ஒக்டோபரில் நீக்கப்பட்ட ஒன்பது பேரில் மூத்தவரான ஹே வெய்டொங் மார்ச் மாதமே கண்ணில் படாமல் போய்விட்டார். இவர்கள் எல்லாம் ஷி ஜின்பிங்குக்கு எதிரிகள் நியமித்த ஆட்கள் அல்ல. அவருடைய காலத்தில் அவரே உயர்த்தியவர்கள். அது பலத்தின் அறிகுறியா பயத்தின் அறிகுறியா என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

ஆதாரத்தைப் பொய்யாகத் தயாரித்து மாட்டிக்கொண்ட கதை உண்டா?

துருக்கி. இது கணினி வகுப்புப் பிள்ளைகளுக்கான கதை. 2003 இல் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாக 2010 இல் ஒரு வழக்கு. ‘சம்மட்டி’ என்பது அந்தச் சதியின் பெயர். ஆதாரம், இறுவட்டுகளில் இருந்த ஆவணங்கள். 2012 செப்டெம்பரில் 300க்கும் மேற்பட்ட அதிகாரிகளுக்குத் தண்டனை. ஆனால் 2003 இல் சேமிக்கப்பட்டதாகச் சொன்ன கோப்புகளுக்குள் கலிப்ரி எழுத்துரு கிடந்தது. மைக்ரோசொஃப்ட் அதை வெளியிட்டது ஒஃபிஸ் 2007 உடன். பிறக்காத எழுத்தில் சதி எழுதியிருக்கிறார்கள்! 2015 இல் எல்லோரும் விடுதலை. அதற்குள் பலர் சில வருடங்களைச் சிறையில் கழித்துவிட்டார்கள்.

அடுத்த வருடம், 2016 ஜூலை 15, உண்மையாகவே ஒரு கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றது. அதன்பின் ஏறத்தாழ 150 ஜெனரல்களும் அட்மிரல்களும் வெளியே.

களையெடுத்த கையோடு போர் வந்தால்?

ஈரானைப் பாருங்கள். 1979 புரட்சிக்குப் பின் மன்னர் ஷாவின் ஜெனரல்களைச் சுட்டார்கள். 1980 ஜூலையில் விமானப்படைக்குள் ஒரு சதி பிடிபட, விமானிகளைக் கூட்டங்கூட்டமாக உள்ளே போட்டார்கள். செப்டெம்பர் 22 ஈராக் படையெடுத்தது. சிறைக் கதவைத் திறந்து விமானிகளை நேரே விமானத்துக்கு அனுப்பவேண்டியதாயிற்று, அவர்களும் பறந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் சதாம் 1986 பெப்ரவரியில் ஈராக்கின் பாவ் துறையை இழந்த பிறகுதான் தன் தளபதிகளைக் கொஞ்சம் சுயமாக முடிவெடுக்க விட்டார். 1988 இல் பாவ் திரும்பக் கிடைத்தது.

இலங்கையில் இப்படி நடந்ததா?

சர்வாதிகார ஆட்சியில் நடப்பதுபோல் அல்ல. ஆனால் 1962 ஐத் தெரியாமல் கொழும்பில் இருந்து இதைப் பேசக்கூடாது.

1962 ஜனவரி 27 சனிக்கிழமை இரவு சிறிமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்க இராணுவ, கடற்படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். அமைச்சர்களை இரவோடிரவாகப் பிடிப்பது, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் காரியத்தை முடிப்பது என்பது எண்ணம். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஆங்கிலக் கல்லூரி மாணவர்கள், ஒரே கிளப்பில் ஒரே மேசையில் இருந்து குடித்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவரும் இருந்தார்கள். பாடசாலைகளை அரசு கையேற்றதும் படையில் தங்கள் செல்வாக்குக் கரைவதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொலிஸ் அத்தியட்சகர் தன் மாமனாருக்குச் சொன்னார். மாமனார் பாராளுமன்ற உறுப்பினர். மாலைக்குள் விஷயம் பிரதமரின் அலரி மாளிகைக்குப் போய்விட்டது. சதி தொடங்கமுன் முடிந்தது.

இதுவரைக்கும் இது குற்றம், தண்டிக்கப்படவேண்டிய குற்றம். பிறகு நடந்ததைத் திகதி போட்டுப் பாருங்கள். சம்பவம் ஜனவரியில். அதற்குப் பிறகு பாராளுமன்றம் ஒரு விசேட குற்றவியல் சட்டத்தை நிறைவேற்றி, அதை 1962 ஜனவரி 1 தொட்டு நடைமுறையில் இருந்ததாக ஆக்கியது. யூரி கிடையாது. குறைந்தபட்சத் தண்டனை பத்து வருடமும் சொத்துப் பறிமுதலும். சாதாரணமாக ஏற்கப்படாத வாக்குமூலங்களையும் ஏற்கலாம். மூன்று நீதிபதிகளை நியமிப்பது அமைச்சர். அந்த மூன்று நீதிபதிகளும் உட்கார்ந்து, எங்களை இப்படி நியமித்ததே செல்லாது என்று சொல்லி எழும்பிப் போனார்கள். இரண்டாவது ஆயமும் கலைந்தது. மூன்றாவது ஆயம் 300 நாட்களுக்கு மேல் விசாரித்து, 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. அது 1965 ஏப்ரல். சட்டம் கொண்டுவந்த அரசு அதற்கு முந்திய மாதத் தேர்தலில் தோற்றிருந்தது.

1965 டிசம்பரில், அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (Privy Council) அந்தத் தண்டனைகளையும் இரத்துச் செய்தது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து, நடந்து முடிந்த ஒன்றுக்காகச் சட்டம் எழுதியது நீதித்துறையின் அதிகாரத்துக்குள் பாராளுமன்றம் காலை வைத்தது என்பது காரணம். பொதுநலவாய நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் லியனகே வழக்கு என்று இன்றும் படிப்பிப்பது இதைத்தான். சதி செய்தவர்கள் சட்டத்தால் தப்பினார்கள் என்று என் நண்பர் ஒருவர் இன்றும் கோபப்படுவார். எனக்குக் கோபமில்லை. மொஸ்கோவில் மூன்று கிழமை. இங்கே மூன்று வருடம் பத்து மாதம் சொச்சம், மூன்று ஆயம், ஒரு மேன்முறையீடு, ஒருவரும் சுடப்படவில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியை நாங்களே மூடினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

அதற்குப் பிறகு படையில் இருந்த தமிழர்களுக்கு என்ன நடந்தது?

எங்கள் கூட்டத்தில் ஒரு ஐயா ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு பழைய குழுப்படம் கொண்டுவந்தார். 1950களில் எடுத்தது. வெள்ளைக் கோட்டு, கறுப்பு போ-டை, இரண்டு வரிசை அதிகாரிகள். அவர் சுட்டுவிரலை ஒவ்வொரு தலையாக வைத்துப் போனார்: “இது யாழ்ப்பாணம், இது மட்டக்களப்பு, இவர் பறங்கி, இவர் எங்கட ஆள், இவரும்.” அந்தக் காலத்தில் நாட்டின் முதலாவது இலங்கையரான இராணுவத் தளபதியே ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு, 1955 முதல் 1959 வரை. ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி. 1962 க்குப் பிறகும் எட்டு வருடம் அவர் அந்தக் கதிரையில் இருந்தார்.

ஆகவே பட்டியல் போட்டுத் தமிழர்களைத் துரத்தினார்கள் என்று நான் எழுதமாட்டேன். நடந்தது வேறு. சில தொண்டர் படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் நிரந்தரச் செயலாளர் என்.கியூ. டயஸின் காலத்தில் ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தன. ஓய்வுபெற்றவரின் இடத்துக்கு இன்னொரு தமிழர் வரவில்லை; சேர்ந்த பையனுக்கு அடுத்த பட்டி வரவில்லை; அவனுடைய தம்பி விண்ணப்பமே போடவில்லை. இதற்குக் கைது இல்லை, வழக்கு இல்லை, மேன்முறையீடு செய்ய ஒரு கடிதமும் இல்லை. என் திகதி முறை உதவாத இடம் இதுதான். எந்தத் திகதியில் நடந்தது என்று எதை எழுதுவது? அந்த ஐயாவிடம் 1970களில் எடுத்த குழுப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். “ஆர் இருந்தது, எடுக்க?” என்று படத்தை உறைக்குள் வைத்தார்.

சரத் பொன்சேகாவுக்கு நடந்தது களையெடுப்பா?

தமிழ் வாசகர்கள் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு சிக்கல் இருக்கும். எனக்கும் உண்டு. இந்த நாடு சிங்களவருக்குரியது என்று தான் உறுதியாக நம்புவதாக 2008 இல் ஒரு கனேடியப் பத்திரிகைக்குச் சொன்னவர் அவர். இறுதிப் போரை நடத்திய தளபதி. அதே ஆள் 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலில் தோற்றபோது, யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அவர் பக்கம். எங்கள் வாக்குகள் அன்பினால் போனவை அல்ல.

தேர்தல் ஜனவரி 26. அடுத்த நாட்களில் ஒரு டஜன் அளவில் மூத்த படையதிகாரிகள் கட்டாய ஓய்வில் போனார்கள். பெப்ரவரி 8 கைது. ஓகஸ்டில் முதலாவது இராணுவ நீதிமன்றம், சீருடையோடு அரசியல் பேசினார் என்று பட்டம், பதக்கம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் பறித்தது. செப்டெம்பரில் இரண்டாவது, கொள்வனவு முறைகேட்டுக்கு 30 மாதச் சிறை. தீர்ப்புச் சொன்னவர்கள் தரத்தில் அவரைவிடக் குறைந்த ஜெனரல்கள். 2012 மே விடுதலை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அந்த மாதமே மன்னிப்பு. மார்ச்சில் பீல்ட் மார்ஷல், இலங்கையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். குற்றம் அதே குற்றம், கோவை அதே கோவை. இடையில் மாறியது ஜனாதிபதி மட்டும். ஆம், அது களையெடுப்பின் வேலைதான்; முழுச் சர்வாதிகாரம் இல்லாத நாட்டிலும் அந்தக் கைப்பழக்கம் வரும். அதைச் சொல்வதற்கு அவரை எனக்குப் பிடிக்கவேண்டிய அவசியமில்லை.

களையெடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் எப்போதாவது கிடைத்ததா?

துகாசெவ்ஸ்கிக்கு 1957 இல், இறந்து இருபது வருடம் கழித்து, குற்றமற்றவர் என்று ஒரு தாள் வந்தது. உயிரோடு திரும்பியவர்களில் ரொக்கோசோவ்ஸ்கி இருக்கிறார். 1937 இல் கைது, பற்களை உடைத்தார்கள், 1940 மார்ச்சில் விட்டார்கள். அதே அரசுக்காக ஸ்டாலின்கிராட்டில் போரிட்டார், மார்ஷல் ஆனார். 1945 ஜூன் 24 வெற்றி அணிவகுப்புக்குக் கட்டளையிட்டவர் அவர், கறுப்புக் குதிரையில். மரியாதையை ஏற்றவர் சுகோவ், வெள்ளைக் குதிரையில். சுகோவை அடுத்த வருடமே ஸ்டாலின் ஒடெசாவுக்குத் தூக்கி எறிந்தார். சனங்களுக்கு அந்த வெள்ளைக் குதிரை மிகவும் பிடித்துப்போய்விட்டது.

இது சோதினைக்கு வருமா, சேர்?

துகாசெவ்ஸ்கி வரமாட்டார். வலுவேறாக்கம், அதாவது சட்டமியற்றல், நிறைவேற்றல், நீதி என்று அதிகாரங்களைப் பிரித்து வைப்பது, வரும். அதற்கு உதாரணமாக லியனகே வழக்கை எழுதலாம். சதி 1962 ஜனவரி, தீர்ப்பு 1965 டிசம்பர்; போன முறை மூன்று பேர் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தீர்கள்.